சுவர் முடிகிற இடம்

மார்ச் 4, செவ்வாய்

வேலை முடிந்து வந்தால் வாசலில் மறுபடியும் கூட்டம். தம்பி கவுன்சிலர் ஆனதிலிருந்து இது வீடா, நகராட்சியின் கிளை அலுவலகமா என்று எனக்கே சந்தேகம். அவன் மாடியில், நான் கீழே. அதனால் குழாயில் தண்ணீர் வராதவர், தெருவிளக்கு எரியாதவர், பக்கத்து வீட்டு நாய் குரைப்பதால் தூக்கம் வராதவர் எல்லோரும் முதலில் என் தலையில்தான் வந்து விழுகிறார்கள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து, இவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, "இதோ வந்துடுவான்" என்று சமாளிக்க வேண்டும்.

இன்று வந்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. சுவர் எப்போது வரும்?

கேட்கட்டும், அவர்களுக்கு உரிமை இருக்கிறது. தேர்தல் சமயத்தில் கதவு கதவாகத் தட்டி, "என் தம்பியை அனுப்புங்க, கடல் சுவர் தானா வரும்" என்று சொன்னவள் நான்தான். எங்கள் வரிசையில் ஆறு வீடுகள். முன்னால் சாலை, சாலைக்கு அப்பால் கடல். நடுவில் இருந்த மணலைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. போன காற்றுக் காலத்தில் அலை சாலையைத் தாண்டி வாசற்படியை நனைத்தது. அடுத்த தடவை உள்ளே வரும். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பக்கத்து வீட்டு பஸ்காரர் கூப்பிட்டார். பஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்று எத்தனையோ வருஷம் ஆயிற்று, இன்னும் தெருவுக்கே அவர் பஸ்காரர்தான். அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கைகால் சரியாக வராது. அவருக்காக வீடு முழுக்கக் கைப்பிடி பொருத்தியிருக்கிறார். பழைய பஸ் ஒன்றை உடைத்தபோது கேட்டு வாங்கிவந்த மஞ்சள் கம்பிகள். கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஒன்று, குளியலறையிலிருந்து வாசலுக்கு ஒன்று. நான் அண்ணி என்று கூப்பிடுகிற அவர் ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துக்கொண்டு தனியாகவே வாசல் வரை வந்துவிடுகிறார். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று போகிறவர் வருகிறவரை வம்புக்கு இழுப்பார்.

இன்று கடைசிக் கம்பி முடிந்திருந்தது, அதைக் காட்டத்தான் அழைப்பு. காட்டி முடித்தபின் பஸ்கார அண்ணன் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, சுவர் நம்ம வீடு வரைக்கும் வரும்ல? வராதுன்னா இவளைத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?"

வரும் அண்ணே, என்றேன். ஏதோ நானே கல் சுமந்து கட்டப்போகிற மாதிரி அவ்வளவு உறுதியாக.

மார்ச் 21, வெள்ளி

நகராட்சிப் பொறியாளர் அளவெடுக்க வந்தார். சின்னப் பெண். என்னிடம் கண்ணாடி போட்டவர்தான், மூக்கில் நழுவிக்கொண்டே இருந்ததால் டீ ஆறுவதற்குள் சரிசெய்து கொடுத்தேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். திட்டத்துக்கு வந்த நிதியை மேலே குறைத்துவிட்டார்கள். சுவரைச் சுருக்கியே ஆகவேண்டும். வெட்டினால் ஒரு முனையில்தான் வெட்ட முடியும். ஒன்று எங்கள் வரிசை, இல்லையென்றால் அந்தப் பக்கம் இருக்கிற கிடங்குகள்.

"கிடங்குல மூட்டைதான் இருக்கு. இங்க மனுஷங்க இருக்காங்க. இந்தப் பக்கத்தை விடக்கூடாதுன்னுதான் எழுதியிருக்கேன். மன்றம் ஒத்துக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

நல்லவேளை. உயிர் வந்தது.

மார்ச் 28, வெள்ளி

கோபம் இன்னும் ஆறவில்லை.

ரேடியோ இன்று கடைக்கு வந்தாள். பின்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறாள். அவள் காதில் ஒன்று விழுந்தால் மாலைக்குள் ஊருக்கே கேட்கும், அதனால் அந்தப் பெயர். கண்ணாடிக் கால் தளர்ந்துவிட்டது என்று நீட்டினாள். கடை நிறைய ஆள். நான் திருகாணியை முடுக்கிக்கொண்டிருக்கும்போது, "உனக்கென்னம்மா, தம்பி சுவரை உன் அடுப்படி வரைக்கும் கட்டிக் கொடுத்துடுவாரு. எங்களுக்குத்தான் தெருவிளக்குக்கே நாதியில்ல" என்றாள். கடையே சிரித்தது. முதலாளிகூடச் சிரித்தார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனாள். அவள் போனபின் தேய்த்த லென்ஸ் ஓரத்தில் தெறித்துவிட்டது. அம்மா அப்பா போனபின் இவனைப் படிக்கவைத்து, எவனிடமும் கை நீட்டாமல் வளர்த்தேன். யார் வாயிலும் விழாத குடும்பம். இப்போது அடுப்படிச் சுவராம்.

மார்ச் 30, ஞாயிறு

தம்பி சாப்பிடக் கீழே வந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. புதன்கிழமை மன்றக் கூட்டம். சுவர் விஷயம் வருகிறது. எதிர்த்தரப்பு கவுன்சிலர் ஒருவர், "இவர் தன் வீட்டுக்குச் சுவர் கட்டிக்கிறார்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

"நீ என்னக்கா சொல்றே?"

இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்தது அப்படியே வந்துவிட்டது. "நம்ம வீட்டுக்காக நீ கை தூக்காதே. நம்ம வீடு போனாலும் பரவாயில்ல, பேரு போகக்கூடாது."

அவன் முகம் தெளிந்தது. சின்னப் பையனாக இருந்தபோது கணக்குக்கு விடை சொல்லிக் கொடுத்தால் வருமே, அந்த முகம். பிறகு நன்றாகச் சாப்பிட்டான்.

ஏப்ரல் 2, புதன்

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மன்றத்துக்குப் போனேன். பார்வையாளர் இருக்கையில் நானும், தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் மட்டும்.

பொறியாளர் எழுந்து தன் பரிந்துரையைப் படித்தார். படித்து முடிப்பதற்குள் அந்த எதிர்த்தரப்புக்காரர் எழுந்தார். "அந்த வரிசையில யார் வீடு இருக்குன்னு சபைக்குத் தெரியணும்" என்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அங்கங்கே சிரிப்பு.

தம்பி எழுந்தான். குரல் ஒரு துளி நடுங்கவில்லை. "என் வீட்டுப் பக்கமே வெட்டுங்க. கவுன்சிலர் வீட்டுக்காகக் கட்டின சுவர்னு ஒரு பேச்சு இந்த ஊர்ல வரவே கூடாது."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள் பாருங்கள்! தலைவர் எழுந்து வந்து கை கொடுத்தார். ஒருவர்கூட எதிர்க்கவில்லை, தீர்மானம் நிறைவேறியது. பொறியாளர் மட்டும் காகிதங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார், தலை நிமிரவில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமைதான். மறைப்பானேன்.

ஏப்ரல் 3, வியாழன்

பேப்பரில் தம்பியின் படம். "சொந்த வீட்டையே விட்டுக்கொடுத்த கவுன்சிலர்." உள்ளே, "வீடு போனாலும் பேர் போகக்கூடாது என்று என் அக்காதான் தைரியம் கொடுத்தார்" என்று சொல்லியிருக்கிறான். ரேடியோவே அதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்தாள். "அன்னிக்கு ஏதோ விளையாட்டாச் சொன்னேன், மனசுல வெச்சுக்காதே" என்றாள். நான் பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.

ஏப்ரல் 5, சனி

காலையில் தண்ணீர் பிடிக்கும்போது பஸ்காரரைப் பார்த்தேன். "என்ன அண்ணே" என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். காது கேட்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் அண்ணி வாசலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் டிக்கெட் கேட்கவில்லை. வாய் கோணலாக இருந்தாலும் வார்த்தை தெளிவாகத்தான் வந்தது. "உங்க வீட்டை நீங்க கொடுத்தீங்க. சரி. எங்க வீட்டை யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?"

வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

ஆறு வீடு. நாங்கள் ஒரு வீடு. இது எனக்கு ஏன் அந்த ஞாயிற்றுக்கிழமை தோன்றவில்லை? எண்ணத் தெரியாதவளா நான்?

ஏப்ரல் 6

தூக்கமில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பொறியாளர் கடைக்கு வந்தார். கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது, பேசத்தான் வந்திருக்கிறார். முதலாளி சாப்பிடப் போகும்வரை ஃபிரேம்களைப் பார்ப்பதுபோல் நின்றிருந்தார்.

"உங்க தம்பிகிட்ட யாராவது சொல்லியிருக்கலாம். சொந்த வீடு சம்பந்தப்பட்ட விஷயம் வந்தா அந்த உறுப்பினர் எழுந்து வெளியில போய் உட்காரணும். அவ்வளவுதான் விதி. அவர் பாட்டுக்கு வெளியில போய் ஒரு டீ குடிச்சிருந்தா நான் எழுதினது அப்படியே நிறைவேறியிருக்கும். அதுக்கு ஓட்டுப் போட ஆளுங்க இருந்தாங்க."

"அவன் பேசினதுனாலதான் போச்சா?"

"அவரே வேண்டாம்னு சொன்னப்புறம் வேற யாரு வேணும்னு சொல்வாங்க? கிடங்குக்காரங்க பக்கத்து கவுன்சிலர் எவ்வளவு பலமா மேசையைத் தட்டினாரு, கவனிச்சீங்களா?"

கவனித்தேன். நல்ல மனுஷன் என்றுகூட நினைத்தேன்.

இன்னொன்றும் சொன்னார். சுவர் நிற்கிற இடத்தில் அலை சும்மா நிற்காதாம். சுவரில் மோதி, அதன் ஓரமாகத் திரும்பி, சுவர் இல்லாத பக்கம் இன்னும் வேகமாக ஏறுமாம். அதாவது சுவரே இல்லாவிட்டால் நாங்கள் பிழைத்தாலும் பிழைத்திருப்போம்.

ஏப்ரல் 12, சனி

தம்பியோடு சண்டை. இந்த மாதிரி நாங்கள் கத்தியதே இல்லை.

அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தைத் திரும்ப எடுக்கச் சொல், நீ வெளியே போய் உட்கார், என்றேன். கையில் இருந்த போனை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"பேப்பர்ல வந்தாச்சு அக்கா. இப்ப மாத்தினா என்ன சொல்வாங்க? ஊருக்கு முன்னாடி நல்லவன் வேஷம் போட்டுட்டு, பின்னாடி வீட்டைக் காப்பாத்திக்கிட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லட்டுமே! சொன்னா என்ன? பஸ்காரர் வீட்டுல ஒருத்தி நடக்க முடியாம கிடக்கறா!"

"பேரு போகக்கூடாதுன்னு சொன்னதே நீதான்."

ஆமாம். நான்தான். என் வார்த்தையை எடுத்தே என் வாயை அடைத்துவிட்டான்.

ஏப்ரல் 21, திங்கள்

ஐந்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து நகராட்சிக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் பின்னால் போனேன். தலைவர் தங்கமாகப் பேசினார், எல்லோரையும் உட்காரவைத்தார். "மன்றம் ஒருமனதா முடிவு பண்ணின விஷயம். உங்க கவுன்சிலரே கேட்டுக்கிட்டது. நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க" என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஜூன் 16, திங்கள்

வேலை ஆரம்பித்துவிட்டது. லாரி லாரியாகக் கல். வீடு அதிர்கிறது, அலமாரியில் தட்டுகள் தன்னால் பேசிக்கொள்கின்றன.

ஆகஸ்ட் 27, புதன்

சுவர் எங்கள் தெரு முனைக்கு வந்து நின்றுவிட்டது. முதல் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால். ஜன்னலைத் திறந்தால் அதன் வெட்டு முகம் தெரிகிறது. நல்ல சுவர், குறை சொல்ல முடியாது. அந்தப் பக்கம் மாலையில் குழந்தைகளைக் கூட்டிவந்து அதன்மேல் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். ரேடியோவும் வருகிறாள். எங்கள் பக்கம் பார்த்துக் கையசைப்பாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தம்பி குடும்பத்தோடு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். மேட்டுப் பக்கம். "காத்துக் காலம் முடியறவரைக்கும்தான். நீயும் வா அக்கா" என்றான். தம்பி மனைவி என் துணிகளைக்கூட மடிக்க ஆரம்பித்துவிட்டாள், நல்ல பெண். வரவில்லை என்றேன். அவன் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனான்.

நான் இங்கே இருந்து யாருக்கு என்ன லாபம்? தெரியவில்லை. போனால் பஸ்காரர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அது என்னால் ஆகாது.

அக்டோபர் 22, புதன்

சாலை பாதி போய்விட்டது. அந்தப் பெண் சொன்னது அப்படியே நடக்கிறது. அலை சுவரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி நேராக எங்கள்மேல் வருகிறது. நகராட்சி சிவப்புக் கொடி நட்டுவிட்டுப் போயிருக்கிறது. மதியத்துக்குள் கொடியும் போயிற்று.

நவம்பர் 19, புதன்

காலையிலிருந்தே கடல் சரியில்லை. கடைக்குப் போகவில்லை. மதியம் முதல் வீட்டின் முன்சுவர் விழுந்த சத்தம் கேட்டது. கட்டிலை நகர்த்துவதற்குள் என் அறையில் கணுக்கால் தண்ணீர். நான் நேராக பஸ்காரர் வீட்டுக்கு ஓடினேன். இத்தனை மாதத்தில் அவர் வீட்டுப் படி ஏறியது அப்போதுதான்.

அண்ணி கட்டிலில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்திருந்தார். விடவே மாட்டேன் என்கிறார். அண்ணன் கெஞ்சுகிறார். "வாடி, கடைசி ஸ்டாப் வந்துடுச்சு, இறங்கணும்" என்று விளையாட்டாகச் சொல்லப் பார்த்தார், குரல் உடைந்துவிட்டது. நான் அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். எவ்வளவு பலம் அந்தக் கையில்! என் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பின்வழியாகப் பள்ளிக்கூட முகாமுக்கு வந்தோம்.

தம்பி அங்கே மழைக் கோட்டோடு நின்று எல்லோருக்கும் போர்வை கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்கும் ஒன்று நீட்டினான். அழுதிருந்தான். அவனை அடிக்கலாம் என்றும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. போர்வையை வாங்கி அண்ணிமேல் போட்டேன்.

டிசம்பர் 3, புதன்

ஆறு வீடும் குடியிருக்கத் தகுதியற்றவை என்று பலகை மாட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டில் மாடி மட்டும் நிற்கிறது, கீழே நான் இருந்த இடம் வெறும் தூண்.

கண்ணாடிக் கடைக்குப் பின்னால் ஒரு அறை இருந்தது, முதலாளி கொடுத்தார். மற்றவர்களுக்கு நகராட்சியின் தற்காலிகக் குடியிருப்பு. பஸ்காரருக்கு மூன்றாம் மாடி. கீழ்த்தளம் வேண்டும் என்று தம்பி அலைந்தான், உண்மையாகவே அலைந்தான். குலுக்கலில் விழுந்ததுதான், மாற்றினால் சலுகை காட்டியதாக ஆகிவிடும் என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

பஸ்காரரைப் பார்க்கப் போனேன். லிஃப்ட் ஓடவில்லை. கதவைத் திறந்தவர், "வாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

மஞ்சள் கம்பிகளை இடிபாட்டிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்திருக்கிறார். மூலையில் சாத்திக் கிடக்கின்றன. சுவரில் ஓட்டை போடக்கூடாதாம், நகராட்சிச் சொத்தாம். தற்காலிகம்தானே, கொஞ்ச நாள் பொறுங்கள் என்கிறார்களாம். அண்ணி படுத்தே இருக்கிறார். கட்டிலிலிருந்து குளியலறைக்கு அவரால் போக முடியவில்லை, அண்ணனால் தூக்கவும் முடியவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து குளிக்க வைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று அண்ணி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

மார்ச் 15, ஞாயிறு

லிஃப்டைப் பழுதுபார்க்க ஒப்புதல் வந்துவிட்டது, டெண்டர் வரவில்லை.

மே 24, ஞாயிறு

டெண்டர் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. அண்ணி கீழே இறங்கி எத்தனை மாதம் ஆயிற்று என்று அண்ணன் கேட்டார். எண்ண வேண்டாம் அண்ணே, என்றேன்.

ஜூலை 30, வியாழன்

தேர்தல் வருகிறது. தம்பி கடைக்கு வந்தான். இளைத்திருக்கிறான். அவன் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தேன்.

"இந்தத் தடவையும் கூட வருவியா அக்கா? நீ வந்தா ஒரு தைரியம்."

"வர முடியாதுடா."

"நான் தப்பானவனா அக்கா?"

இல்லையே. அதுதானே கஷ்டம். திருடியிருந்தால் திருடன் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பேன். இல்லைடா, என்றேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு என்றேன்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

இன்று அண்ணிக்குத் தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டிய சத்தம். இரண்டு பெண்கள், கல்லூரியில் படிக்கிறவர்களாக இருக்கும், மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். கையில் தம்பியின் படம் போட்ட நோட்டீஸ். அண்ணன் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு ஒருத்தி ஆரம்பித்தாள். மனப்பாடம் இல்லை, நம்பித்தான் பேசினாள்.

"இவரு மாதிரி ஒருத்தர் கிடைக்க மாட்டாருங்க ஐயா. ஊருக்குச் சுவர் வேணும்னு தன் சொந்த வீட்டையே கடலுக்குக் கொடுத்தவரு. அவரோட அக்காவும் அப்படித்தானாம், வீடு போனாப் போகுதுன்னு சொன்னாங்களாம்."

நான் சமையலறை வாசலில் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் இப்போது திரும்புவார், இதோ நிற்கிறாள் பார் அந்த அக்கா என்பார். சொல்லட்டும், சொன்னால் நல்லது என்றுகூட இருந்தது.

"கேள்விப்பட்டேன்மா. பெரிய மனசுதான்" என்றார் அண்ணன்.

"அப்ப உங்க ரெண்டு பேர் ஓட்டும் அவருக்குத்தானே?"

"இவளால கீழ இறங்க முடியாது. நான் இவளை விட்டுட்டு வர முடியாது."

அந்தப் பெண் என்னவோ எழுதிக்கொண்டு, என் பக்கம் திரும்பினாள். "நீங்க இவங்களுக்கு யாருங்க அக்கா?"

அண்ணன்தான் சொன்னார்.

"பக்கத்து வீடு."

அவர்கள் நோட்டீசைக் கதவிடுக்கில் செருகிவிட்டு அடுத்த வீட்டைத் தட்டப் போனார்கள். அண்ணன் கதவைச் சாத்தினார், என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் ஆறுவதற்குள் அண்ணியைக் குளிக்க வைத்தேன்.